கொடைக்கானலா? ஊட்டியா?

அப்பாவுக்குத் துபாயில் வேலை. அம்மாவும் அங்கேதான் இருக்கிறார். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. "இனிமேல் இவனைத் தமிழ்நாட்டில் படிக்க வைத்தால் என்ன?" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. சொந்தக்காரர்களிடம் யோசனை கேட்கிறார்கள். "கொடைக்கானலில் சேர்த்துவிடுங்கள்" என்கிறார் ஒருவர். "ஊட்டிதான் நல்லது" என்கிறார் இன்னொருவர்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. வளைகுடா நாடுகளிலும், சிங்கப்பூரிலும், மலேசியாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இந்தப் பேச்சு உண்டு.

இரண்டும் அழகான ஊர்கள். இரண்டும் ஏழாயிரம் அடி உயரத்தில் இருப்பவை. இரண்டிலும் ஏரி உண்டு, குளிர் உண்டு, நூறு வயதைத் தாண்டிய பள்ளிக்கூடங்களும் உண்டு. வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்கவும் இரண்டிலும் வசதி உண்டு. அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

பள்ளிக்கூடத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கட்டிடத்தைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். "அவசரம் என்றால் அன்றைக்கே என் பிள்ளையிடம் போய் நிற்கக்கூடியவர் யார்?" என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நம்முடைய கருத்து இதுதான். அதற்கான காரணங்களையும் சொல்லுகிறோம்.

"இது பணக்காரர் கவலை, நமக்கு என்ன?" என்று யாரும் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கொடைக்கானல் இருக்கும் அதே பழனி மலையில், கீழ்மலைப் பகுதியில் பாச்சலூர் இருக்கிறது. அங்கே காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்களுக்கும் படிப்புக்காகப் பிள்ளையை விடுதியில் விட வேண்டிய நிலை வருகிறது. பணம் வேறுபடலாம். பிரிவு ஒன்றுதான்.

மலை ஏறியது ஏன்?

ஊட்டியைப் பற்றி முதலில் பார்ப்போம். நீலகிரியில் தோடரும், கோத்தரும், படுகரும் பல காலமாக வாழ்ந்து வந்தார்கள். கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் அங்கே கல் வீடு கட்டத் தொடங்கினார். பிறகு வெள்ளைக்கார அதிகாரிகள் கூட்டம் கூட்டமாக மலை ஏறினார்கள். சென்னை மாகாணத்துக்கு ஊட்டி கோடைக்காலத் தலைநகர் ஆயிற்று.

கொடைக்கானலின் கதை வேறு. பளியரும் புலையரும் வாழ்ந்த பழனி மலைக்கு வீடு கட்ட வந்தவர்கள் அமெரிக்கப் பாதிரியார்கள். மதுரையில் சமயப் பணி செய்துகொண்டிருந்த அவர்களைக் காய்ச்சலும் காலராவும் வாட்டின. வந்த நோயில் சிலர் இறந்தும் போனார்கள். உயிர் பிழைக்க இடம் தேடி, 1845-ல் மலை மீது இரண்டு வீடுகளைக் கட்டினார்கள்.

அப்போது மோட்டார் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து செங்குத்தான பாதையில் ஏற வேண்டும். பெண்களையும் குழந்தைகளையும் டோலியில் உட்கார வைத்துக் கூலி ஆட்கள் தூக்கிச் சென்றார்கள். இன்று நாம் படகு ஓட்டும் ஏரி, 1863-ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு துரை உண்டாக்கியது.

வெள்ளைக்காரர்களின் துக்கம்

இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு துக்கம் இருந்தது. பிள்ளைக்கு ஐந்து, ஆறு வயது ஆனதும் கப்பல் ஏற்றி இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பிவிடுவார்கள். பிறகு பல ஆண்டுகள் பெற்றவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது.

"ஜங்கிள் புக்" என்ற காட்டுக் கதைகளை எழுதிய கிப்ளிங்கைப் பலரும் அறிவார்கள். அவர் பம்பாயில் பிறந்தவர். 1871-ல் ஐந்து வயதுப் பையனாக இருந்த அவரையும், மூன்று வயதுத் தங்கையையும் பெற்றோர் இங்கிலாந்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்திடம் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்த வீட்டில் அவர் பட்ட துன்பம் கொஞ்சம் அல்ல. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு 1877-ல்தான் தாய் வந்தார். உலகப் புகழ் பெற்ற பிறகும் அந்த ஆண்டுகளின் கசப்பை அவர் மறக்கவில்லை.

இப்படிக் கடல் தாண்டிப் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்றுதான் மலையில் பள்ளிக்கூடங்கள் தோன்றின. 1899-ல் குன்னூரில் ஹெப்ரான் பள்ளி தொடங்கியது. 1901-ல் கொடைக்கானலில் ஹைகிளர்க் பள்ளி தொடங்கியது. அதன் முதல் தலைமை ஆசிரியை மார்கரெட் எடி என்ற அமெரிக்க அம்மையார். இரண்டும் பாதிரியார் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஏற்பட்டவை.

பள்ளிக்கூடம் மலையில் இருந்தது. பெற்றோர் சமவெளியில் இருந்தார்கள். வெயில் காலம் வந்ததும் பெற்றோரும் மலை ஏறி வந்து வீடு எடுத்துத் தங்குவார்கள். அந்த நாட்களில் பிள்ளைகள் விடுதியை விட்டு, பெற்றோருடன் தங்கிப் படித்தார்கள்.

இதை யோசித்துப் பாருங்கள். பிள்ளையைப் பெற்றோருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவே இந்தப் பள்ளிக்கூடங்கள் கட்டப்பட்டன. இன்று என்ன நடக்கிறது? துபாயில் அப்பா அம்மாவுடன் இருக்கும் பிள்ளையை விமானம் ஏற்றி மலைக்கு அனுப்புகிறோம். கப்பல் போய் விமானம் வந்தது. போன பிரிவு மட்டும் திரும்பி வந்துவிட்டது!

அனுப்பவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வளைகுடா நாடுகளில் வேலை இருக்கும் வரைதான் குடும்பத்துக்கு இருப்பிடம். வேலை போனால் பெட்டியைக் கட்ட வேண்டும். பள்ளிப் படிப்பின் நடுவில் அப்படி நேர்ந்தால் பிள்ளை தடுமாறிப் போகும். ஆகவே முன்கூட்டியே ஊருக்கு அனுப்புவதில் நியாயம் உண்டு. ஆனால் அனுப்பும்போது, நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெற்றோர் எதற்காகக் கவலைப்பட்டார்களோ அதை நாம் மறக்கக் கூடாது.

எந்த ஊர் பக்கம்?

கொடைக்கானலுக்கு ரெயில் கிடையாது. "கொடைக்கானல் ரோடு" என்ற ரெயில் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் மலைப்பாதையில் போக வேண்டும். பக்கத்து விமான நிலையம் மதுரை. வத்தலக்குண்டு வழியாகவும் ஏறலாம், பழனி வழியாகவும் ஏறலாம்.

ஊட்டிக்கு மலை ரெயில் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் ரெயில் ஓடத் தொடங்கியது. பார்க்க வேண்டிய பயணம்தான். ஆனால் 46 கிலோமீட்டர் ஏறச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அவசரத்துக்கு அது உதவாது. கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸிலோ காரிலோ போவதே வழக்கம். அங்கே விமான நிலையமும் இருக்கிறது.

ஆகவே தாத்தா பாட்டி மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் இருந்தால் கொடைக்கானல் கைக்கெட்டும் தூரம். சித்தப்பாவோ மாமாவோ கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் இருந்தால் ஊட்டி கைக்கெட்டும் தூரம். இது சின்ன விஷயம் அல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரவில் போன் வந்தால் துபாயிலிருந்து ஓடி வர முடியாது. காலையில் மலை ஏறிப் போய்த் தலையைத் தடவிக் கொடுக்க ஒருவர் வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் வெளியூர் வண்டிகள் போக இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்று கணக்கும் வைத்தார்கள். சாதாரண நாட்களில் ஊட்டிக்கு 6,000, கொடைக்கானலுக்கு 4,000. சனி, ஞாயிறுகளில் ஊட்டிக்கு 8,000, கொடைக்கானலுக்கு 6,000. விடுமுறைக்குப் பிள்ளையை அழைத்துவரப் போகிறவர்கள் கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மலைகளிலும் மண் சரிந்து பாதை அடைபடுவதும் உண்டு.

ஊரும் உடம்பும்

ஊட்டி பெரிய ஊர். நீலகிரி மாவட்டத்தின் தலைநகர். 2011 கணக்குப்படி அங்கே மக்கள்தொகை 88,430. கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு தாலுகா. அதே கணக்குப்படி அங்கே 36,501 பேர்.

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் வந்தது. அதன் 700 படுக்கை ஆஸ்பத்திரி 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கொடைக்கானலிலும் அரசு ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் பெரிய சிகிச்சை என்றால் தேனிக்கோ, திண்டுக்கல்லுக்கோ, மதுரைக்கோ இறங்க வேண்டும்.

பிள்ளைக்கு இழுப்பு நோய் இருந்தால் இதை யோசியுங்கள். குளிர் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல் மேல் உறைபனி படியும். ஆனி, ஆடி மழை ஊட்டியில் அதிகம். கொடைக்கானலில் ஐப்பசி மழையே பெரிய மழை. அட்மிஷனுக்கு முன் குடும்ப டாக்டரைக் கேட்பது நல்லது.

கொடைக்கானல் சிறிய ஊர் என்பதிலும் ஒரு நன்மை உண்டு. சுற்றிலும் சோலைக் காடு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி 2018-ல் பூத்தது. அடுத்தது 2030. 1899-ல் ஏற்பட்ட சூரிய ஆராய்ச்சிக்கூடமும் அங்கே இருக்கிறது. பாட்டனி படிக்க விரும்பும் பிள்ளைக்கும், வானத்தைப் பார்க்கும் பிள்ளைக்கும் ஊரே ஒரு பாடப் புத்தகம்.

எந்தப் பரீட்சை?

பெற்றோர் பலர் ஏமாறும் இடம் இதுதான். "இன்டர்நேஷனல்" என்று பலகையில் எழுதியிருந்தால் உள்ளே வெளிநாட்டுப் பாடம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு சி.பி.எஸ்.இ. நடத்தும் பள்ளிகள் நாட்டில் நிறைய உண்டு. பலகையை விட்டுவிட்டு, "கடைசியில் என் பிள்ளை எழுதும் பரீட்சை எது?" என்று கேளுங்கள்.

கொடைக்கானலில் 1901-ல் தொடங்கிய பழைய பள்ளிதான் இன்று கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி. ஐ.பி. என்ற படிப்பை 1976-ல் இந்தியாவில் முதல்முதலாகக் கொண்டுவந்த பள்ளி அது. ஐ.பி. அமைப்பு 1968-ல் ஜெனீவாவில் தோன்றியது. கடைசி இரண்டு ஆண்டுகளில் மாணவர் ஆறு பாடங்கள் படிக்க வேண்டும். தானே ஒரு தலைப்பை எடுத்து ஆராய்ந்து நாலாயிரம் சொல்லுக்குள் நீண்ட கட்டுரை எழுத வேண்டும். மனப்பாடம் மட்டும் போதாது.

குன்னூரில் தொடங்கிய ஹெப்ரான் பள்ளி 1970-களில் ஊட்டியில் இருந்த லஷிங்டன் ஆண்கள் பள்ளியுடன் இணைந்து ஊட்டிக்கு வந்தது. அங்கே பிரிட்டிஷ் முறை. பதினாறு வயதில் ஐ.ஜி.சி.எஸ்.இ., பதினெட்டு வயதில் ஏ லெவல். ஏ லெவலில் பொதுவாக மூன்று, நான்கு பாடங்களை மட்டும் எடுத்து ஆழமாகப் படிப்பார்கள். 1977-ல் தொடங்கிய குட் ஷெப்பர்டு பள்ளியும் ஊட்டியில்தான் இருக்கிறது. அங்கே இந்தியப் பரீட்சையும் வெளிநாட்டுப் பரீட்சையும் பக்கம் பக்கமாக நடக்கின்றன. லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளி 1858-ல் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. இன்று அங்கே இந்தியப் பாடத்திட்டம்.

எது உயர்ந்தது? இந்தக் கேள்வியே தவறு. பிள்ளை அடுத்து எங்கே போகப் போகிறது என்பதே கேள்வி. இங்கிலாந்துக் கல்லூரி என்றால் ஏ லெவல் நேர்வழி. எந்த நாடு என்று முடிவாகவில்லை என்றால் ஐ.பி. பல நாடுகளில் செல்லும். இந்தியக் கல்லூரியில் என்ஜினீயர் படிப்பு, டாக்டர் படிப்பு என்றால் இந்தியப் பாடத்திட்டம் சுலபம்.

டாக்டர் ஆசை உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவில் நீட் எழுத வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் படித்திருக்க வேண்டும். ஏ லெவலில் இயற்பியலை விட்டுவிட்டுக் கணிதம் எடுத்தால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். பதினாறு வயதில் பாடம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இதை நினைக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ள பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் இங்கே படிக்கத் தனி விசா தேவையில்லை. ஆனால் 2021 மார்ச் 4-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, அதன் பிறகு அட்டை வாங்கியவர்கள் மருத்துவக் கல்லூரியில் வெளிநாட்டு இந்தியருக்கு உரிய இடங்களுக்கு மட்டுமே போட்டியிட முடியும். முன்பே அட்டை வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியது. உங்கள் பிள்ளையின் அட்டையில் உள்ள தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

தமிழ் எங்கே?

வேடிக்கை ஒன்று சொல்லுகிறோம். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. அங்கே தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கிறார்கள். மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கெல்லாம் தமிழ் எழுதப் படித்த பிள்ளை, தமிழ்நாட்டு மலைக்கு வந்து தமிழை மறந்தால் எப்படி இருக்கும்?

அப்படி நேரலாம். வகுப்பில் ஆங்கிலம், விடுதியில் ஆங்கிலம், விளையாட்டு மைதானத்திலும் ஆங்கிலம். தமிழ் பேசுவது சமையல்காரரிடமும் காவலாளியிடமும் மட்டும் என்றால், பிள்ளையின் மனதில் தமிழைப் பற்றி என்ன எண்ணம் வளரும்? பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

"வாரத்தில் எத்தனை மணி நேரம் தமிழ்? எந்த வகுப்பு வரை?" என்று பள்ளியில் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். ஐ.பி. படிப்பில், ஆசிரியர் இல்லாத தாய்மொழியின் இலக்கியத்தையும் பள்ளியின் துணையோடு தானே படித்துப் பரீட்சை எழுத வழி வைத்திருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்குத்தான் அது கிடைக்கும். மற்றபடி மாதம் இரண்டு கடிதம் பாட்டிக்குத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

அதே மலையில் இன்னொரு பிள்ளை

இந்தப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் லட்சக்கணக்கில். சம்பாதிப்பவர்கள் கொடுக்கிறார்கள். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் கொடைக்கானலைப் பற்றிப் பேசும்போது பழனி மலையின் மற்றொரு முகத்தையும் பார்க்க வேண்டும்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து பரப்பலாறு அணையைக் கடந்து மலை ஏறினால் பாச்சலூர் வரும். காப்பி, மிளகு, மலை வாழை விளையும் பூமி. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி வாழை இந்த மலைகளின் சொத்து. சுற்றிலும் சிறு சிறு மலைக் கிராமங்கள். பளியர், புலையர் குடும்பங்களும் இந்தக் கீழ்மலையில் வாழ்கின்றன.

இங்குள்ள தாய்க்கும் பிள்ளையைப் பற்றிய கனவு உண்டு. ஆனால் "எந்த ஊர், எந்தப் பரீட்சை?" என்று அவர் யோசிப்பதில்லை. "எந்த வகுப்பு வரை இங்கே படிக்கலாம்? பிறகு எந்த விடுதியில் இடம் கிடைக்கும்? பஸ் எப்போது?" என்றுதான் யோசிக்கிறார். தோட்டத்தில் வேலை மிகுந்த மாதங்களில் பிள்ளையைப் படிப்பிலேயே நிறுத்தி வைப்பதும் அவருக்கு ஒரு போராட்டம்.

அந்தப் பிள்ளைக்கும் அரசாங்கம் கதவு திறந்திருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத இடங்கள் 2020 முதல் தனியாக ஒதுக்கப்படுகின்றன. ஆனால் பாதியில் படிப்பை விட்ட பிள்ளை அந்தக் கதவு வரை வந்து சேராது.

ஹைகிளர்க் பள்ளியைத் தொடங்கியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் செய்தது என்ன? மலையிலேயே தங்கிச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர். குளிர் தாங்கும் விடுதி. பெற்றோரைப் பார்க்க வாய்ப்பு. மூன்றே விஷயங்கள்தான். மலைக் கிராமப் பிள்ளைகளுக்கும் இதே மூன்றைத்தான் நாம் கேட்கிறோம். மலைப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியருக்கு அங்கேயே குடியிருக்க வீடு வேண்டும். விடுதிப் பிள்ளைக்குக் கம்பளியும், சூடான சாப்பாடும், இரவில் துணைக்கு ஆளும் வேண்டும். மாதம் ஒரு முறை பிள்ளை வீடு போய்த் திரும்பப் பள்ளி நேரத்துக்கு ஏற்ற பஸ் வேண்டும். இவை குறையும் இடங்களில் அரசாங்கம் முந்திச் செய்ய வேண்டும். மலை மேல் உள்ள பெரிய பள்ளிகளும் தங்கள் புத்தகசாலையையும் விளையாட்டு மைதானத்தையும் பக்கத்துக் கிராமப் பிள்ளைகளுக்கு அவ்வப்போது திறந்துவிடலாம். அதனால் இரு பக்கத்துப் பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள்.

பெற்றோர்களே!

கொடைக்கானலா, ஊட்டியா என்று முடிவு செய்யும் முன் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: அன்றைக்கே பிள்ளையிடம் போய்ச் சேரக்கூடிய சொந்தம் எந்த மலைக்குப் பக்கத்தில் இருக்கிறது?

இரண்டு: பிள்ளை எழுதப் போகும் கடைசிப் பரீட்சை எது? அது எந்தக் கல்லூரிக்கு வழி விடும்?

மூன்று: ஆண்டில் எத்தனை நாள் பிள்ளை உங்களுடன் இருக்கும்? விடுமுறையில் அழைத்துக்கொள்ள டிக்கெட் செலவையும் கட்டணத்தோடு கூட்டினீர்களா?

நான்கு: இரவில் பிள்ளை அழுதால் விடுதியில் யாரிடம் போகும்? அவரை நேரில் பார்த்துப் பேசினீர்களா?

ஐந்து: பிள்ளையைக் கேட்டீர்களா?

ஐந்தாவது கேள்விதான் பல வீடுகளில் விட்டுப்போகிறது. சேர்ப்பதற்கு முன் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு மலை ஏறுங்கள். சீசனில் வேண்டாம். மழை பெய்கிற மாதத்தில் போங்கள். மூடுபனியும் ஈரமும் உள்ள நாளிலும் ஊர் பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை வேண்டாம் என்றால் காரணத்தைக் கேளுங்கள். ஓராண்டு பொறுத்தால் குடி முழுகிப் போகாது.

ஐந்து கேள்விகளுக்கும் நல்ல பதில் கிடைத்தால் கொடைக்கானலும் நல்ல ஊர், ஊட்டியும் நல்ல ஊர். பதில் கிடைக்காவிட்டால் உலகத்திலேயே சிறந்த பள்ளிக்கூடமும் பிள்ளைக்குத் தனிமைச் சிறைதான்.